இளம் வாக்காளர்களும் மற்றவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

தேர்தல் நெருங்கினால் போதும், "இளைஞர்கள் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, அந்தப் பக்கம்" என்று இன்னொருவர் சொல்வார், இரண்டு பேர் கையிலும் ஒரு கணிப்பு இருக்கும். நான் கருத்துக் கணிப்பு வேலையில் சில வருடம் இருந்தவன். முதலில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன், அப்புறம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

"இளம் வாக்காளர்" என்றால் எந்த வயது?

ஒரே வரையறை கிடையாது. சில கணிப்புகளில் 18 முதல் 24, சிலவற்றில் 18 முதல் 29, கட்சிகளின் இளைஞர் அணியைக் கேட்டால் நாற்பதைத் தொட்டவரும் இளைஞர்தான். இரண்டு கணிப்புகளை ஒப்பிடும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பள்ளியை இப்போதுதான் முடித்த 18 வயதுக்காரரும், கடன் கட்டிக்கொண்டு கைக்குழந்தையோடு இருக்கிற 29 வயதுக்காரரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை.

இளைஞர்கள் என்றாலே இடதுசாரிகள்தானே?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. அமெரிக்காவில் 2008-இல் 30 வயதுக்குக் கீழானவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, இடது பக்கம் சாய்ந்த ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்குப் போனது. பிரிட்டனில் 2019-இல் யூகவ் என்ற கணிப்பு நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒருவர் இடதுசாரித் தொழிற்கட்சியைவிட வலதுசாரிக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓட்டுப் போட வாய்ப்பு அதிகமாகும் வயது 39 என்று வந்தது, 2024-இல் அது 63-க்கு ஏறியது. இதை மட்டும் பார்த்தால் வயதுதான் அரசியல் என்று தோன்றும்.

ஆனால் கொஞ்சம் பின்னால் போங்கள். 1984-இல் வலது பக்கக் குடியரசுக் கட்சியின் ரீகன் இதே 30 வயதுக்குக் கீழானவர்களிடம் வாங்கியது ஏறத்தாழ 60 சதவீதம். பிரிட்டனில் 1983-இல் 18-24 வயதினரிடம் முன்னிலையில் இருந்தது மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி. அந்தக் காலத்தில் அங்கே ஓட்டைப் பிரித்தது வர்க்கம், வயது அவ்வளவாக இல்லை.

ஜெர்மனி இன்னும் நல்ல உதாரணம். 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 25 வயதுக்குக் கீழானவர்களில் 34 சதவீதம் பேர் பசுமைக் கட்சிக்குப் போட்டார்கள். "இனி எதிர்காலமே பச்சை" என்று அப்போது எழுதாதவர் இல்லை. ஐந்தே வருடத்தில், 2024-இல், அது 11 சதவீதம். அந்த முறை தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி.க்கு அதே வயதினரிடம் 16 சதவீதம் கிடைத்ததும் உடனே "இளைஞர்கள் வலது பக்கம் போய்விட்டார்கள்" என்ற புலம்பல் தொடங்கியது. சில மாதம் கழித்து 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல், 18-24 வயதில் முதலிடம் பிடித்தது இடதுசாரிக் கட்சியான டி லிங்க, சுமார் கால் பங்கு ஓட்டு, ஏ.எஃப்.டி. அதற்கு அடுத்து. மூன்று தேர்தலில் மூன்று விதமான தலைப்புச் செய்தி.

நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: இளைஞர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் திசையில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. இருபது வருடம் ஒரே சின்னத்தில் குத்திப் பழகியவருக்கு அது கிட்டத்தட்ட குடும்ப உறவு மாதிரி, கோபம் வந்தாலும் அறுத்துக்கொண்டு போகமாட்டார். இருபது வயதுக்காரருக்கு அப்படி ஒரு கட்டு இன்னும் விழவில்லை. அதனால் நாட்டில் பொதுவாக எந்தக் காற்று அடிக்கிறதோ அதில் முதலில், அதிகமாக ஆடுவது அவர்கள்தான், மற்றவர்கள் அதே திசையில் மெல்ல ஆடுவார்கள்.

அப்படியென்றால் கொள்கை அளவில் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. எந்த விஷயத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருமணம், பாலினம், மதம், குடியேற்றம் மாதிரியான விஷயங்களில் பல நாடுகளில் இடைவெளி பெரிது. வரி, விலைவாசி, வேலை, மருத்துவம் என்று வந்தால் பல நேரம் சிறிதுதான், எல்லா வயதினருக்கும் விலைவாசி விலைவாசிதான்.

அயர்லாந்தில் 2018-இல் கருக்கலைப்புத் தடையை நீக்குவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. மொத்தத்தில் 66.4 சதவீதம் ஆதரவு. வாக்குச்சாவடி வாசல் கணிப்பில் 18-24 வயதினரில் ஏறத்தாழ 87 சதவீதம் ஆதரவு, 65-க்கு மேற்பட்டவர்களில் பெரும்பான்மை எதிர்ப்பு. இதோடு நிறுத்தினால் தலைமுறைப் போர் மாதிரி இருக்கும். ஆனால் எதிர்த்த வயதுப் பிரிவு அந்த ஒன்றுதான், நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்தவர்கள் இளைஞர்கள் பக்கமே நின்றார்கள். பிள்ளை சொன்னதையே அப்பாவும் சொன்னார், கொஞ்சம் மெதுவான குரலில்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய 2016 வாக்கெடுப்பு வேறு மாதிரி. அங்கே 18-24 வயதினரில் பத்துக்கு ஏழு பேர் ஒன்றியத்திலேயே தொடர வேண்டும் என்றார்கள், 65-க்கு மேல் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் விலக வேண்டும் என்றார்கள். உண்மையிலேயே எதிரெதிர். இப்படிப்பட்ட வாக்கெடுப்புகள் அபூர்வம் என்பதால்தான் எல்லாரும் அதையே உதாரணம் காட்டுகிறார்கள் (நானும்தான்).

வயது ஏற ஏற எல்லாரும் பழமைவாதி ஆகிவிடுவார்களாமே?

"இருபது வயதில் இடதுசாரியாக இல்லாதவனுக்கு இதயம் இல்லை, நாற்பதில் வலதுசாரியாகாதவனுக்கு மூளை இல்லை" என்று சர்ச்சில் சொன்னதாக ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அதைவிட வேடிக்கை, அவர் வாழ்க்கையே அதற்கு நேர் எதிராக ஆரம்பிக்கிறது: 1900-இல் 25 வயதில் கன்சர்வேட்டிவ் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார், 1904-இல் அதற்கு இடது பக்கம் இருந்த லிபரல் கட்சிக்குத் தாவினார், ஐம்பதை நெருங்கும்போதுதான் பழைய கட்சிக்குத் திரும்பினார்.

ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று, வயது ஏறுவதால் வருகிற மாற்றம்: சொத்து, குழந்தை, ஓய்வூதியம். இரண்டு, நீங்கள் எந்தத் தலைமுறையில் பிறந்தீர்கள் என்பதால் வருவது. மூன்று, ஒரு காலகட்டத்தில் எல்லா வயதினரையும் சேர்த்து அடிக்கிற அலை, உதாரணமாகப் போர் அல்லது பொருளாதாரச் சரிவு. தலைமுறை என்பதைப் பற்றிச் சமூகவியலாளர் கார்ல் மன்ஹெய்ம் 1928-லேயே எழுதிவிட்டார்: பதின்ம வயதின் பின்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் பார்க்கிற பெரிய நிகழ்வுகள் மனதில் அடித்தளம் மாதிரி படிந்துவிடும், பின்னால் வருவதெல்லாம் அதன் மேல்தான் கட்டப்படும் என்று. பிற்கால ஆய்வுகள் பலவும் இதற்கு ஒத்துப்போகின்றன. 1984-இல் ரீகனுக்குப் போட்ட அந்த இளைஞர்களுக்கு 2024-இல் 58 முதல் 69 வயது. அவர்கள் இன்று குடியரசுக் கட்சிக்குப் போட்டால் அதற்கு வயதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும், பலர் அன்றைக்கே அங்கேதானே இருந்தார்கள்?

இந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பிரித்துவிட முடியாதா?

முடியாது, அதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. பிறந்த வருடத்தோடு வயதைக் கூட்டினால் இன்றைய வருடம் வந்துவிடுகிறது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக நிற்கும், எனவே மூன்றின் விளைவையும் தனித்தனியாக அளக்கச் சுத்தமான வழி இல்லை. ஏதாவது ஒரு ஊகத்தை உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு கணிப்பை வைத்துக்கொண்டு "இந்தத் தலைமுறை இப்படி" என்று சொல்பவர் அந்த ஊகத்தைச் சொல்லாமலே உள்ளே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

கணிப்பு அட்டவணையில் வரும் "18-24" கட்டத்தை நம்பலாமா?

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பு என்று வையுங்கள். மொத்த எண்ணுக்குப் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதம். அட்டவணையில் 18-24 கட்டத்துக்கு வாருங்கள், அடியில் பொடி எழுத்தில் எத்தனை பேர் என்று இருக்கும். நான் போட்ட ஒரு அட்டவணையில் அது 87. எண்பத்தேழு பேர் என்றால் பிழை வரம்பு பத்துக்கும் மேல். ஒரு கட்சிக்கு 40 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது, உண்மை 30 ஆகவும் இருக்கலாம் 50 ஆகவும் இருக்கலாம். அடுத்த மாதக் கணிப்பில் அது 33 என்று வந்தால் "இளைஞர்கள் கைவிட்டார்கள்" என்று தலைப்பு வரும். கைவிட்டவர்கள் ஆறு பேர், அதுவும் வேறு ஆறு பேர்.

அப்புறம், அந்த 87 பேர் யார்? தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, இருபது நிமிடம் அரசியல் பேசச் சம்மதிக்கிற 20 வயதுக்காரர் தன் வயதினரைப் போன்றவரே இல்லை. அவருக்கு அரசியலில் ஆர்வம் அதிகம். ஆர்வம் இல்லாத நூறு பேர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். துண்டித்தவர்களையும் சேர்த்துச் சரிக்கட்ட, பேசியவர்களின் பதிலுக்கு எடை கூட்டுவோம், ஒருவர் இரண்டு மூன்று பேருக்குச் சமம் ஆகிவிடுவார்.

நேரில் போனால் வேறு சிக்கல். ஒரு வீட்டில் 19 வயதுப் பெண்ணிடம் கேள்வியைத் தொடங்கினேன், கதவை ஒட்டி நின்றாள். முதல் கேள்விக்கு அவள் வாயைத் திறக்கும் முன்பே உள்ளிருந்து அப்பாவின் குரல்: "எங்க வீட்டுல எல்லாரும் ஒரே கட்சிதான், எழுதிக்கோங்க." அவள் தலையாட்டினாள். எழுதிக்கொண்டேன். கடைசியில் கையெழுத்து வாங்கும்போது, "அந்தக் கட்டத்தை மாத்த முடியுமாண்ணா?" என்று மெல்லக் கேட்டாள். மாற்றினேன். மாற்றச் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

அப்பா அம்மா போடும் கட்சிக்குத்தானே பிள்ளைகளும் போடுகிறார்கள்?

ஓரளவுக்கு ஆமாம். அமெரிக்காவில் கென்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் 1965-இல் பள்ளி இறுதி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்து, அதே மாணவர்களை 1997 வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கட்சிப் பிடிப்பு வீட்டிலிருந்து நன்றாகவே இறங்குகிறது, குறிப்பாக வீட்டில் அரசியல் அடிக்கடி பேசப்பட்டு, அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் இருந்தால். ஆனால் தனித்தனிக் கொள்கைகளில் பிள்ளைகளின் கருத்து பெற்றோரோடு அவ்வளவு ஒட்டவில்லை. கொடி பரம்பரைச் சொத்தாக வருகிறது, காரணம் வருவதில்லை.

இளைஞர்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை? அக்கறை இல்லையா?

பெரும்பாலான நாடுகளில் இளைஞர்களின் வாக்குப்பதிவு மூத்தவர்களைவிடக் குறைவு, அது உண்மை. காரணமாக "அக்கறையின்மை" என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

டென்மார்க்கில் வாக்காளர் பதிவேட்டையே வைத்து ஆராய்ந்தார்கள், யாரிடமும் கேட்கவில்லை, வந்தார்களா இல்லையா என்பது பதிவிலேயே இருக்கிறது. அங்கே 18 வயதுக்காரர்கள் 20 வயதுக்காரர்களைவிட அதிகமாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அக்கறை குறைந்துவிடுமா? வீட்டைவிட்டு வெளியே போய்விட்டார்கள், அதுதான் நடந்தது. பெற்றோருடன் இருக்கும்வரை "கிளம்பு, போய்ப் போட்டுட்டு வரலாம்" என்று சொல்ல ஆள் இருந்தது. தனியாக வேறு ஊரில், இன்னும் யாரையும் தெரியாத தெருவில், வாக்குச்சாவடி எங்கே என்றே தெரியாமல் இருக்கும்போது ஓட்டு கைநழுவிப் போகிறது. பெயர் பழைய முகவரியில் இருக்கும், ஆள் புது முகவரியில் இருப்பார். அறுபது வயதுக்காரருக்கு முப்பது வருடமாக ஒரே பள்ளிக்கூடம், ஒரே வரிசை.

இன்னொன்று, ஓட்டு ஒரு பழக்கம். ஒருமுறை போட்டவர் அடுத்த முறையும் போட வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் இரண்டு தேர்தலைத் தவறவிட்டவருக்கு மூன்றாவதையும் தவறவிடுவது எளிது.

பிரிட்டன் வாக்கெடுப்பில் இளைஞர்களில் 36 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்களாமே?

அந்த எண் 2016-இல் தீயாகப் பரவியது, "வராமல் இருந்துவிட்டு இப்போது அழுகிறார்கள்" என்ற ஏச்சோடு. ஆனால் அது அந்த வாக்கெடுப்பில் வந்தவர்களை எண்ணி எடுத்ததே இல்லை. எப்போதும் தவறாமல் ஓட்டுப் போடுவேன் என்று சொன்ன இளைஞர்களின் விகிதத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. பிறகு நேரடியாகக் கேட்டு எடுத்த கணக்கில் 60 சதவீதத்தைத் தாண்டியது. மொத்த வாக்குப்பதிவு 72 சதவீதம் என்பதால் இடைவெளி இருந்தது உண்மை, ஏச்சுக்குத் தகுந்த அளவு இல்லை.

எதிர்ப்பக்கமும் இதே கதை உண்டு. 2017 பிரிட்டன் தேர்தலில் இளைஞர் அலை வீசியது என்று சொல்லி, ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் "யூத்குவேக்" (இளைஞர் பூகம்பம்) என்பதை அந்த ஆண்டின் சொல்லாகவே அறிவித்துவிட்டார்கள். அடுத்த மாதமே பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வுக் குழு, இளைஞர் வாக்குப்பதிவு பெரிதாக எகிறியதற்குத் தங்கள் தரவில் சான்று இல்லை என்றது.

இளம் ஆண்களும் இளம் பெண்களும் எதிரெதிர் திசையில் போகிறார்களா?

சில நாடுகளில் ஆமாம், கூர்மையாக. தென் கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில் இருபதுகளில் உள்ள ஆண்களில் சுமார் 59 சதவீதம் பேர் பழமைவாத வேட்பாளர் யூன் சுக் இயோலுக்கு, அதே வயதுப் பெண்களில் 58 சதவீதம் பேர் அவரை எதிர்த்து நின்ற லீ ஜே மியுங்குக்கு. இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து "இளைஞர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள்" என்று போட்டால் கணக்கு சரி, செய்தி பொய். கட்டாய ராணுவச் சேவை ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கோ ஊதிய இடைவெளியும் பாதுகாப்பும். இருவருக்கும் குறை உண்டு, இருவரின் குறையும் ஒன்றையொன்று நோக்கித் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. இதை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்தாதீர்கள்.

இன்றைய இளைஞர்களுக்கு ஜனநாயகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டதாமே?

இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2016-இல். ராபர்ட்டோ ஃபோவா, யாஷா மௌங்க் என்ற இரு ஆய்வாளர்கள், "ஜனநாயக நாட்டில் வாழ்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்" என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன் பிறந்தவர்களில் 72 சதவீதம் பேர் "மிக மிக அவசியம்" என்றதாகவும், 1980-க்குப் பின் பிறந்தவர்களில் 30 சதவீதம் பேர் மட்டுமே அப்படிச் சொன்னதாகவும் காட்டினார்கள். படத்தைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும்.

கேள்வி பத்துப் புள்ளி அளவுகோலில் கேட்கப்பட்டது. படத்தில் இருந்தது பத்துக்குப் பத்து கொடுத்தவர்கள் மட்டும். எட்டும் ஒன்பதும் கொடுத்தவர், ஒன்று கொடுத்தவரோடு ஒரே மூட்டையில் போய்விட்டார். சராசரியை எடுத்துப் பார்த்த மற்ற ஆய்வாளர்கள் இடைவெளி வெகுவாகச் சுருங்குவதைக் காட்டினார்கள். சுருங்கியது, காணாமல் போகவில்லை. இளைஞர்கள் கட்சிகளையும் நாடாளுமன்றத்தையும் அரைமனதோடு பார்க்கிறார்கள் என்பது பல இடங்களில் உண்மைதான், ஆனால் அரைமனதும் வெறுப்பும் ஒன்றில்லையே.

16 வயதில் ஓட்டுரிமை கொடுத்தால் எல்லாம் தலைகீழாகுமா?

ஆகவில்லை. ஆஸ்திரியா 2007-லேயே கொடுத்தது, பிரேசிலில் 1988-லிருந்து 16-17 வயதினருக்கு விருப்ப ஓட்டு உண்டு. ஆஸ்திரியாவில் 16-17 வயதினர் சற்று மூத்த 18-20 வயதினரைவிட அதிகமாக வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது, டென்மார்க் கதையோடு சேர்த்துப் பாருங்கள்: இன்னும் வீட்டில், பள்ளியில் இருக்கும் வயது. எந்தக் கட்சிக்கும் அது நிரந்தர லாபமாக அமையவில்லை.

முதல் முறை வாக்காளர்கள்தான் முடிவைத் தீர்மானிக்கிறார்கள் என்கிறார்களே?

இந்திய உதாரணத்தையே எடுங்கள். 1989-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆனது. 2024 மக்களவைத் தேர்தலில் மொத்த வாக்காளர் ஏறத்தாழ 97 கோடி, அதில் 18-19 வயதினர் சுமார் 1.8 கோடி, அதாவது 2 சதவீதம்கூட இல்லை. 20-29 வயதினர் 19.7 கோடி, ஐந்தில் ஒரு பங்கு, அது சும்மா இல்லை. இழுபறித் தொகுதியில் ஐந்நூறு ஓட்டு வித்தியாசம் என்றால் யார் வேண்டுமானாலும் "நாங்கள்தான் தீர்மானித்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் உட்பட.